மலை ஊரின் பந்து

ஐசால் என்று ஓர் ஊர். மிசோரம் மாநிலத்தின் தலைநகரம். இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கதேசம். மறு பக்கம் மியன்மார். நடுவில் மலை, மலை, மேலும் மலை.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநிலம் முழுவதும் சேர்த்து சுமார் 11 லட்சம் பேர்தான். ஐசால் நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர்.

ஐசாலில் வீடுகள் மலைச் சரிவில் அடுக்கடுக்காக நிற்கும். கீழ் வீட்டின் கூரையும் மேல் வீட்டின் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கும். தெருக்கள் வளைந்து வளைந்து ஏறும். சமதரையாக ஒரு சிறு இடம் கிடைப்பதே அரிது.

அப்படிப்பட்ட ஊரில் எல்லோரும் விரும்பி ஆடும் ஆட்டம் எது தெரியுமா? கால்பந்து! கால்பந்துக்குப் பெரிய மைதானம் வேண்டும். அதுவும் மட்டமாக இருக்க வேண்டும். மைதானமே இல்லாத மலையில் கால்பந்து வளர்ந்தது. அந்த ஊரின் அணி ஒரு நாள் இந்தியாவின் பெரிய பெரிய அணிகளை எல்லாம் வென்றது.

அந்த அணியின் பெயர் ஐசால் கால்பந்துக் கழகம். ஐசால் எஃப்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் கதைதான் இது.

தெருவில் பிறந்த ஆட்டம்

மிசோரம் முன்பு அசாமின் ஒரு மாவட்டமாக இருந்தது. 1959-ல் அங்கே மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலிகள் பெருகும். எலிகள் பயிரைத் தின்றுவிடும். அப்படித்தான் பஞ்சம் வந்தது. மக்கள் பட்டினி கிடந்தார்கள். உதவி போதவில்லை என்ற கோபம் வளர்ந்தது. 1966-ல் அது ஆயுதப் போராட்டமாக வெடித்தது. 20 ஆண்டுகள் மலையில் அமைதி இல்லை. 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் ஏற்பட்டது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலம் ஆனது.

ஐசால் எஃப்.சி. தொடங்கியது 1984-ல். அதாவது ஒப்பந்தத்துக்கு 2 ஆண்டுகள் முன்பு. அமைதி இல்லாத காலத்திலும் இளைஞர்கள் பந்தை விடவில்லை.

மிசோ மொழியில் 'வெங்' என்றால் ஊரின் ஒரு பகுதி, பேட்டை. ஐசாலில் பல வெங்குகள் உண்டு. சான்மாரி, தின்தர், சிங்கா வெங் என்று அவற்றுக்குப் பெயர்கள். பேட்டைக்கு ஓர் அணி இருக்கும். பேட்டையின் பெயர்தான் அணியின் பெயர். அண்ணன் ஆடுவான். தம்பி பந்து பொறுக்கிப் போடுவான். சில ஆண்டுகள் போனால் தம்பி ஆடுவான்.

மிசோ மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதை 'த்லாம்ங்கைஹ்னா' என்று சொல்வார்கள். வாயில் நுழையக் கடினமான சொல். பொருள் எளிது. தன்னைப் பின்னால் வைத்து, ஊரை முன்னால் வைப்பது. வீடு இடிந்தால் பேட்டையே கூடிக் கட்டிக் கொடுக்கும். சாவு விழுந்தால் இளைஞர்கள் கூடிக் குழி வெட்டுவார்கள். கூலி கேட்க மாட்டார்கள். அணியாக ஆடும் ஆட்டத்துக்கு இந்தக் குணம் பொருந்தியது.

பையன்கள் வெளியூர் போனார்கள்

மிசோரமில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அணி அங்கே இல்லை. தொழிற்சாலை இல்லை. பெரிய கம்பெனி இல்லை. யார் பணம் கொடுப்பது?

அதனால் பையன்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஷைலோ மல்சாம்த்லுவாங்கா என்ற இளைஞர் ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா கால்பந்துப் பள்ளியில் பயின்றார். பிறகு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடினார். அவரைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பினார்கள். ஜேஜே லால்பெக்லுவா என்ற மிசோ இளைஞர் இந்திய அணிக்காகப் பல கோல்கள் போட்டார்.

ஊரில் விளைந்த நெல் வெளியூர்ச் சந்தைக்குப் போவதுபோல, ஊரில் விளைந்த ஆட்டம் வெளியூருக்குப் போனது. பெயர் வெளியூர் அணிக்கு. ஊருக்கு என்ன?

இந்தக் கேள்வியை மிசோரம் கால்பந்துச் சங்கம் கேட்டது. 2012-ல் சங்கம் ஒரு வேலை செய்தது. மாநிலத்துக்குள்ளேயே ஒரு லீக் போட்டியைத் தொடங்கியது. மிசோரம் பிரிமியர் லீக் என்று அதற்குப் பெயர் வைத்தது.

லீக் என்றால் என்ன? சில போட்டிகளில் ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக் அப்படி அல்ல. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும். மாதக் கணக்கில் ஆட்டம் நடக்கும். ஒரு நாள் தோற்றாலும் அடுத்த வாரம் எழுந்திருக்கலாம். ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து வேலை இருக்கும்.

ஐசாலில் ஸோநெட் என்ற கேபிள் டி.வி. நிறுவனம் இருக்கிறது. அது இந்தப் போட்டிகளை வீடுகளுக்கு ஒளிபரப்பியது. அதற்காகச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தது. மைதானத்துக்கு வர முடியாத பாட்டியும் வீட்டில் உட்கார்ந்து பேரன் ஆடுவதைப் பார்த்தாள். இப்படி ஊரின் பணம் ஊரின் ஆட்டத்துக்கு வந்தது.

மழை ஒரு பெரிய தொல்லை. மிசோரமில் மழைக்காலம் நீளமானது. மண் மைதானம் சேறாகிவிடும். அதனால் செயற்கைப் புல் விரித்தார்கள். ஐசாலின் முவல்புய் பகுதியில் ராஜீவ் காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. சுற்றிலும் மலை. நடுவில் பச்சை விரிப்பு போல மைதானம். ஐசால் எஃப்.சி.க்கு அதுவே சொந்த வீடு.

பலன் சீக்கிரமே வந்தது. 2014-ல் மிசோரம் மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் பழைய போட்டி அது. சிலிகுரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-0 என்று மிசோரம் தோற்கடித்தது. மிசோரம் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை.

ஏறினார்கள், விழுந்தார்கள்

அந்தக் காலத்தில் ஐ-லீக் என்பதுதான் இந்தியக் கழகங்களின் முதல் நிலைப் போட்டி. அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவில் வென்ற அணி மேலே ஏறும். மேல் பிரிவில் பின்தங்கிய அணி கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் தேறினால் மேல் வகுப்புக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தேறாவிட்டால் கீழ் வகுப்புக்கே அனுப்பிவிடுவார்கள்.

ஐசால் எஃப்.சி.யின் பொறுப்பை ராபர்ட் ராய்ட்டே என்ற உள்ளூர்த் தொழில் முனைவர் ஏற்றிருந்தார். 2015-ல் அணி இரண்டாம் பிரிவை வென்றது. மேலே ஏறியது. மிசோரமிலிருந்து ஐ-லீக்குக்குப் போன முதல் அணி அதுதான்.

ஆனால் மேல் வகுப்புப் பாடம் கடினம். 2016-ல் பல ஆட்டங்களில் அணி தோற்றது. பட்டியலில் பின்தங்கியது. மீண்டும் கீழே இறங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு இன்னொரு போட்டி நடந்தது. ஃபெடரேஷன் கோப்பை என்று பெயர். அதில் ஐசால் எல்லோரையும் வியக்க வைத்தது. பலம் மிக்க பெங்களூரு அணியை வெளியேற்றியது. இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே மோகன் பகான் அணி 5-0 என்று வென்றது. பெரிய அடிதான். ஆனாலும் ஒன்று தெரிந்தது. இந்தப் பையன்களால் முடியும்.

அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. கோவாவின் மூன்று பழைய அணிகள் ஐ-லீக்கிலிருந்து விலகின. இந்தியக் கால்பந்தை நடத்திய விதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. லீக்கில் இடம் காலியானது. கீழே இறங்க இருந்த ஐசாலுக்கு அந்த இடம் கிடைத்தது.

கதவு திறந்தது. ஆனால் கதவைத் திறந்துவிட்டால் போதுமா? உள்ளே போய் நிற்க வேண்டாமா?

வேலை இழந்தவரும் வேண்டாதவர்களும்

புதிய பயிற்சியாளராகக் காலித் ஜமீல் வந்தார். அவர் மும்பை எஃப்.சி. அணியில் 7 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர். அந்த வேலை போய்விட்டிருந்தது. தனக்குத் தெரிந்த சில ஆட்டக்காரர்களையும் அவர் மும்பையிலிருந்து அழைத்து வந்தார். ஆஷுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே ஆகியோர் அவர்களில் இருவர். பெரிய அணிகள் தேடிப் போகாத ஆட்டக்காரர்கள் அவர்கள்.

சிரியா நாட்டிலிருந்து மஹ்மூத் அல் அம்னா வந்தார். லைபீரியாவிலிருந்து ஆல்ஃபிரட் ஜார்யான் வந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பையன்கள். பேட்டை அணிகளில் ஆடி வளர்ந்தவர்கள்.

அணியின் ஓராண்டுச் செலவு சுமார் 2 கோடி ரூபாய் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பெரிய அணிகள் அதைப்போலப் பல மடங்கு செலவு செய்தன.

காலித் ஜமீல் அதிகம் பேசமாட்டார். அவருடைய முறை எளிமையானது. முதலில் நம் கோலைக் காப்போம். எதிரி தவறு செய்யும் வரை பொறுப்போம். பந்து கிடைத்ததும் வேகமாக ஓடுவோம். மலை ஏறி இறங்கி வளர்ந்த கால்களுக்கு ஓடுவது புதிதல்ல.

சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஊரே வந்தது. சிவப்புச் சட்டை அணிந்த கூட்டம் அரங்கத்தை நிறைத்தது. அரங்கத்தில் இடம் இல்லாவிட்டால் சுற்றியுள்ள மேட்டில் நின்று பார்த்தார்கள். 'மக்களின் அணி' என்று தங்கள் அணிக்குப் பெயர் வைத்தார்கள்.

83-வது நிமிடம்

2017 ஏப்ரல் மாதம். லீக்கில் 10 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள். ஒவ்வோர் அணியும் 16 ஆட்டங்களை முடித்திருந்தது. பட்டியலின் உச்சியில் இரண்டு அணிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று மோகன் பகான். மற்றொன்று ஐசால். இரண்டுக்கும் 33 புள்ளிகள்.

மோகன் பகான் யார்? 1889-ல் கொல்கத்தாவில் தொடங்கிய கழகம். 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாள அணி ஒன்றை இறுதி ஆட்டத்தில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அப்போது மோகன் பகான் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரிகள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நாடே கொண்டாடிய வெற்றி அது. அப்படிப்பட்ட அணி.

ஏப்ரல் 22, சனிக்கிழமை. மோகன் பகான் ஐசாலுக்கு வந்தது. கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். அணிக்கு 11 பேர். நேரம் ஓடியது. யாருக்கும் கோல் இல்லை. 50 நிமிடம். 60 நிமிடம். 80 நிமிடம். கூட்டத்துக்குத் தொண்டை வறண்டது.

83-வது நிமிடம். பந்து கோலுக்கு முன்னால் உயரமாக வந்தது. ஐசாலின் சோமிங்லியானா ரால்தே எழும்பினார். அவர் கோல் போடுகிறவர் அல்ல. கோலைத் தடுக்கிறவர். தலையால் முட்டினார். பந்து வலைக்குள் போனது.

1-0. மலைகள் எதிரொலித்தன.

வென்றால் 3 புள்ளி. சமனில் முடிந்தால் ஆளுக்கு 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. இந்த வெற்றியால் ஐசாலுக்கு 36 புள்ளிகள் ஆயின. மோகன் பகானுக்கு 33. இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சம்.

கடைசி நாள்

ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. ஐசால் அணி மேகாலயா மாநிலத்தின் ஷில்லாங் நகருக்குப் போனது. ஷில்லாங் லஜோங் அணியோடு ஆட்டம். அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கும் சென்னை சிட்டி அணிக்கும் ஆட்டம்.

கணக்கைப் பாருங்கள். ஐசாலுக்குச் சமன் போதும். 36-ம் 1-ம் சேர்ந்தால் 37. மோகன் பகான் வென்றாலும் 33-ம் 3-ம் சேர்ந்து 36-தான். ஆனால் ஐசால் தோற்று, மோகன் பகான் வென்றால்? இரண்டும் 36-ல் நிற்கும். பிறகு எதுவும் நடக்கலாம்.

மிசோரமிலிருந்து ரசிகர்கள் பலர் மலைச் சாலை வழியாக வண்டி வண்டியாகக் கிளம்பினார்கள். பல மணி நேரப் பயணம். வர முடியாதவர்கள் டி.வி. முன்னால் கூடினார்கள்.

ஆட்டம் தொடங்கி 9-வது நிமிடமே இடி விழுந்தது. ஷில்லாங் அணியின் திபாண்டா ஒரு கோல் போட்டார். ஐசால் பின்தங்கியது.

பாதி நேரம் முடிந்தது. இன்னும் 0-1. கொல்கத்தாவில் மோகன் பகான் என்ன செய்கிறதோ என்ற கவலை வேறு.

67-வது நிமிடம். ஐசாலின் வில்லியம் லால்நுன்ஃபேலா பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1!

அதற்குப் பிறகு நேரம் நகரவே இல்லை. ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரம்போல இருந்தது. கடைசியில் நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் சமன். கொல்கத்தாவில் மோகன் பகான் 2-1 என்று வென்றிருந்தது. ஆனாலும் பயன் இல்லை. ஐசால் 37. மோகன் பகான் 36. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

18 ஆட்டங்களில் 11 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. முந்தைய ஆண்டு கீழே இறங்க இருந்த அணி இப்போது இந்தியாவின் முதல் அணி. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணியும் அதுவே.

ஐசாலில் மக்கள் வீதிகளில் இறங்கினார்கள். பாடினார்கள். ஆடினார்கள். அணி ஊர் திரும்பிய நாளில் சாலை ஓரமெல்லாம் மக்கள் நின்றார்கள்.

வென்றவர்களுக்கு இடம் இல்லையா?

கதை இங்கே முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் முடியவில்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டி தொடங்கியிருந்தது. அதில் பணம் அதிகம். விளம்பரம் அதிகம். சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் அணிகளில் பங்கு வாங்கினார்கள். ஆனால் அதில் ஒரு வேறுபாடு இருந்தது. ஏறுவது இறங்குவது அங்கே இல்லை. கட்டணம் கட்டியவர்களுக்குத்தான் இடம். கட்டணமோ பல கோடி ரூபாய்.

2017-ல் சூப்பர் லீக்கைப் பெரிதாக்கினார்கள். இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தார்கள். பெங்களூரு ஒன்று. ஜாம்ஷெட்பூர் மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் பெரிய தொழில் நிறுவனங்கள் இருந்தன. ஐ-லீக்கை வென்ற ஐசாலுக்கு இடம் இல்லை.

ஐசால் அணி கேட்டது: "நாங்கள் மைதானத்தில் வென்றோம். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?" போராட்டம் நடத்துவோம் என்றும் எச்சரித்தது. ஐசால் மக்களுக்கு இது வெறும் கால்பந்துப் பிரச்சினை அல்ல. தொலைதூர மாநிலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற பழைய வருத்தமும் அதில் சேர்ந்திருந்தது.

மறு பக்கத்தின் வாதமும் உண்டு. சூப்பர் லீக்கை நடத்தப் பெரும் செலவு ஆகிறது. பெரிய அரங்கம் வேண்டும். பெரிய சந்தை வேண்டும். டி.வி.யில் பார்க்க நிறையப் பேர் வேண்டும். சிறிய ஊர் அணி இதைத் தாங்குமா என்று அவர்கள் கேட்டார்கள்.

இரண்டு வாதங்களும் மோதின. பணம்தான் அப்போது வென்றது. முதல் நிலைப் போட்டியாக இருந்த ஐ-லீக் மெல்ல மெல்ல இரண்டாம் நிலைக்குப் போனது. 2020-ல் கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்கூட சூப்பர் லீக்குக்குப் போய்விட்டன.

ஐசாலுக்கு ஒரு பரிசு மட்டும் கிடைத்தது. ஆசியக் கண்டத்தின் போட்டியில் ஆடும் வாய்ப்பு. 2018 ஜனவரியில் அணி ஈரான் நாட்டுக்குப் போனது. அங்கே ஸோப் அஹன் அணியோடு ஆடியது. 1-3 என்று தோற்றது. ஆனால் அந்த ஒரு கோலும் மிசோரமில் பேசப்பட்டது.

பயிர் அறுத்த பின் வயல்

பெரிய அணிகள் சும்மா இருக்குமா? ஐசாலின் வெற்றியைக் கண்டு பணப்பையைத் திறந்தன. காலித் ஜமீலை ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. அல் அம்னாவும் சில மிசோ இளைஞர்களும் அவரோடு போனார்கள். மற்றவர்கள் வேறு அணிகளுக்குப் போனார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டக்காரனின் வேலைக் காலம் குறைவு. 35 வயதில் கால் தளர்ந்துவிடும். அதற்குள் குடும்பத்துக்குச் சேர்த்தாக வேண்டும். ஆனால் அணிக்கு இது பெரிய இழப்பு. பட்டம் வென்ற அணி ஒரு கோடைக்குள் கலைந்தது. ஐசால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். மும்பையில் வேலை இழந்தவரை மலை ஊர் ஒன்று நம்பியது. அந்த நம்பிக்கை அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

சிறிய அணிகள் நிலைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னோர் உதாரணம். ஐசாலுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-ல் ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி அணி. கோயம்புத்தூர் அதன் சொந்த மைதானம். தமிழ்நாட்டு ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. பட்டம் வென்று இரண்டே ஆண்டுகள்!

ஐசால் எஃப்.சி. அப்படி மறையவில்லை. ஏன்? அணியைத் தாங்குவது ஒருவர் பணம் மட்டும் அல்ல. பேட்டைகள் இருக்கின்றன. மாநில லீக் இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய பையன்கள் வருகிறார்கள். மரத்தை வெட்டினாலும் வேர் இருந்தால் துளிர்க்கும்.

தாமதமாக வந்த நியாயம்

ஐசால் கேட்ட கேள்வி வீணாகவில்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் இந்தியக் கூட்டமைப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. ஐ-லீக்கை வெல்லும் அணி, தகுதி விதிகளை நிறைவு செய்தால், சூப்பர் லீக்குக்கு ஏறலாம். கட்டணம் கட்ட வேண்டாம். 2022-23 பருவத்திலிருந்து இந்த முறை நடைமுறைக்கு வந்தது.

2023-ல் பஞ்சாப் அணி அப்படி ஏறியது. 2024-ல் கொல்கத்தாவின் முகமதன் அணி ஏறியது.

ஐசாலுக்கு ஒரு வருத்தம். வழி அடைத்திருந்தபோது உச்சியில் நின்றது. வழி திறந்தபோது உச்சியில் இல்லை. 2017-ல் கேட்ட இடம், அதே வெற்றிக்கு 2023-ல் வேறு ஒருவருக்குக் கிடைத்தது.

ஆனால் கனவு கலையவில்லை. மறுபடி வெல்ல வேண்டும். இந்த முறை ஏற வேண்டும். அதற்காக அணி நம்புவது உள்ளூர்ப் பையன்களைத்தான். மிசோரமின் லுங்லேய் ஊரைச் சேர்ந்த லால்லியன்சுவாலா சாங்தே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக வளர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து இன்றும் சரிவுத் தெருக்களில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். பந்து உருண்டு கீழே போனால் ஓடிப்போய் எடுத்து வருகிறார்கள். மறுபடி மேலே ஏறுகிறார்கள்.

மிசோரமைப் பற்றி இன்னொரு செய்தி. 2025 மே 20 அன்று மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இதுவும் ஒரு நாளில் நடந்தது அல்ல. எழுத்தறியாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். தொண்டர்கள் தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். பந்து என்றாலும் எழுத்து என்றாலும் அந்த ஊர் போகும் பாதை ஒன்றுதான். பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குவது.

கணக்குப் போடுங்கள்

1. ஐசால் அணிக்கு 11 வெற்றி. ஒரு வெற்றிக்கு 3 புள்ளி. 4 சமன். ஒரு சமனுக்கு 1 புள்ளி. மொத்தம் எத்தனை?

2. 4 சமன்களில் ஒன்று தோல்வியாகியிருந்தால் எத்தனை புள்ளி வந்திருக்கும்? மோகன் பகானின் 36 புள்ளிகளோடு ஒப்பிடுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. மைதானத்தில் வென்றவருக்கு இடமா? பணம் உள்ளவருக்கு இடமா? இரு பக்கத்து வாதங்களையும் சொல்லிப் பாருங்கள்.

2. ஐசால் எஃப்.சி. அணி மறையாமல் நிலைத்ததற்கு என்ன காரணம்?

3. உங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? பெண் பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்களா? இடம் இல்லை என்றால், ஊர் கூடி என்ன செய்யலாம்?